ஓசிக் குடை

"ஓசி"ங்கற வார்த்தை எப்படி வந்துச்சுன்னு எங்க ஸ்கூல் தமிழ் டீச்சர் ஒரு கதை சொல்லுவாங்க, உங்கள்ல பல பேரு கேட்டிருப்பீங்க. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல கம்பெனி வேலையா போற தபாலுக்கு கூலி கிடையாதாம், கவர் மேல 'ஆன் கம்பெனி சர்வீஸ்'னு போட்டு அனுப்பிருவாங்களாம், அந்த ஓ-வும் சி-யும் நம்ம ஊர் வாயில விழுந்து, காசில்லாம கிடைக்கிற எல்லாத்துக்கும் ஓசின்னு பேராகிப் போச்சாம். அப்போ சிரிச்சுட்டு விட்டுட்டேன். இப்போ ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல உக்காந்து தினம் கம்பெனி பேலன்ஸ் ஷீட்டா பாத்துக்கிட்டு இருக்கும்போது அந்தக் கதை அடிக்கடி ஞாபகம் வருது. கம்பெனியும் ஓசியும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரிதான் எனக்குத் தோணுது, அதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கிடந்துச்சு. போன மாசம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்ததுலேருந்து எழுதாம இருக்க முடியல.

எங்க ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். தூத்துக்குடி மாவட்டம். கம்பெனின்னா என்னன்னு இந்த மண்ணு தெரிஞ்சுக்கிட்ட மாதிரி வேற எந்த ஊரும் தெரிஞ்சுக்கிட்டிருக்குமான்னு தெரியல. கட்டபொம்மன்கிட்ட வந்து கிஸ்தி கேட்டது யாரு? சின்ன வயசுல நாங்க எல்லாம் இங்கிலாந்து ராஜா கேட்டார்னு நினைச்சோம். கேட்டது ஒரு வியாபாரக் கம்பெனி. லண்டன்ல பங்குதாரர் எல்லாம் உக்காந்து லாபத்தைப் பிரிச்சுக்கிற கம்பெனி, 1600-ல ராணிகிட்ட சாசனம் வாங்கி மிளகு வாங்க கிளம்பினது. ஆற்காடு நவாப் அவங்ககிட்ட கடன் பட்டார், கடன் மேல கடன் ஏறுச்சு, 1792-ல பாளையக்காரங்ககிட்ட கப்பம் வசூல் பண்ற உரிமையையே கம்பெனி எடுத்துக்கிச்சு. கடன் வசூல் பண்ண வந்தவன் நாட்டையே வசூல் பண்ணிட்டுப் போன கதை அது. 1799 அக்டோபர் 16, கயத்தாறுல தூக்கு. உத்தரவு போட்ட பானர்மேன் கம்பெனி சம்பளம் வாங்குற மேஜர். கம்பெனிக்குன்னு தனி ராணுவம் இருந்துச்சு, கொஞ்ச வருஷத்துல அது சுமார் 2 லட்சம் பேரா வளர்ந்துச்சு. அந்தக் காலத்துல அவ்வளவு ஆளு.

ஆனா நான் சொல்ல வந்தது துப்பாக்கி கதை இல்ல, குடை கதை.

1906 அக்டோபர்ல வ.உ.சி. தூத்துக்குடியில சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியை பதிவு பண்றார். எல்லாரும் அவரை கப்பலோட்டிய தமிழன்னு சொல்றோம், சிலை வைக்கிறோம், ஆனா அவர் பண்ணினது ஒரு லிமிடெட் கம்பெனி ஆரம்பிச்சதுங்கறதை யாரும் நின்னு யோசிக்கிறதில்ல. மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருத்தரே 8,000 பங்கு, அதாவது 2 லட்சம் ரூபாய் போட்டார். மீதியை ஊர் ஊரா போய் சின்னச் சின்ன ஆளுங்ககிட்ட கேட்டு சேர்த்தாங்க. ஆரம்பத்துல வாடகைக் கப்பல்தான், வெள்ளைக்காரன் மிரட்டினதுல கப்பல் குடுத்தவன் பின்வாங்கிட்டான், அப்புறம் வ.உ.சி. பம்பாய் போயி அலைஞ்சு, வீட்டுல மகனுக்கு உடம்பு சரியில்லாத நேரத்துலயும் திரும்பாம நின்னு, 1907-ல காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் கொண்டு வந்தார்.

எதிர்ல நின்னது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. தூத்துக்குடியிலேருந்து கொழும்புக்கு அதுவரைக்கும் அவன் வச்சதுதான் கட்டணம். சுதேசிக் கப்பல் வந்ததும் டிக்கெட்டை 1 ரூபாய்க்கு இறக்கினான். வ.உ.சி. 8 அணாவுக்கு இறக்கினார். உடனே அவன் சும்மாவே ஏறிக்கோ, போதாததுக்கு ஒரு குடையும் வாங்கிக்கோன்னு சொல்லிட்டான்.

குடை! இதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க, ஒரு கப்பல் கம்பெனி, கரியை எரிச்சு, ஆளுக்கு சம்பளம் குடுத்து, துறைமுக வரி கட்டி, ஏறுறவனுக்கு காசும் வாங்காம கைல குடையும் குடுத்து அனுப்புதுன்னா அந்தக் காசு எங்கேருந்து வருது? அவனுக்கு பர்மா ரூட் இருந்துச்சு, பாரசீக வளைகுடா ரூட் இருந்துச்சு, கிழக்கு ஆப்பிரிக்கா இருந்துச்சு. கொழும்பு ரூட்ல விடுற நஷ்டம் அவன் கணக்குல ஒரு மூலையில ஒரு வரி. வ.உ.சி.க்கு இந்த ஒரு ரூட்டுதான். அவருக்கு அந்த நஷ்டம்தான் மொத்தக் கணக்கும். எவன் அதிக நாள் நஷ்டப்பட முடியுமோ அவன் ஜெயிக்கிற போட்டி இது, நல்ல கப்பலா கெட்ட கப்பலாங்கற கேள்விக்கே அதுல இடம் கிடையாது. அப்படியும் நிறைய சனம் சுதேசிக் கப்பல்லதான் ஏறுச்சு, அது எனக்கு எப்ப நினைச்சாலும் தொண்டையை அடைக்கும். அப்புறம் அரசாங்கம் உள்ள வந்துச்சு. 1908 மார்ச்ல கைது, ஜூலைல ரெண்டு ஆயுள் தண்டனை, கோயம்புத்தூர் ஜெயில்ல செக்கிழுத்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். 1911-ல கம்பெனியை மூடினாங்க. அவரோட கப்பல் எதிராளி கைக்கே போச்சு. அந்த எதிராளியும் 1914-ல பி அண்ட் ஓ-ங்கற இன்னும் பெரிய கம்பெனிக்குள்ள போயிட்டான்.

அந்த 1906 அக்டோபர்லயே மெட்ராஸ்ல இன்னொரு விஷயம் நடந்துச்சு. ஆர்பத்நாட் அண்ட் கோ-ன்னு பெரிய வெள்ளைக்கார பேங்க், திடீர்னு திவால். ஆயிரக்கணக்கான குடும்பம் சேமிப்பை இழந்து நடுத்தெருவுக்கு வந்துச்சு. அது லிமிடெட் கம்பெனி இல்ல, பார்ட்னர்ஷிப். முதலாளி ஜார்ஜ் ஆர்பத்நாட், சர் பட்டம் வாங்கினவர், மோசடிக் குத்தத்துக்கு கோர்ட்டுல நின்னு 18 மாசம் ஜெயிலுக்குப் போனார். அந்த அடியிலேருந்துதான் நம்ம ஆளுங்க சேர்ந்து 1907-ல இந்தியன் பேங்க் ஆரம்பிச்சாங்க.

இந்த லிமிடெட்ங்கற வார்த்தையை ஆபீஸ்ல ஒரு நாளைக்கு நூறு தடவை டைப் பண்றேன். இந்தியாவுல 1857-ல இதுக்கு சட்டம் வந்துச்சு. கம்பெனி விழுந்தா பங்கு போட்டவன் போட்ட பணம் மட்டும்தான் போகும், அவன் வீட்டையும் பாத்திரத்தையும் யாரும் தொட முடியாது. இதுல நல்லது இருக்கு, நான் மறுக்கல. இது இல்லாம 25 ரூபாய் பங்கை நம்பி சாதாரண ஆளு சுதேசிக் கம்பெனில சேர்ந்திருக்கவே மாட்டான், வாத்தியாரும் கடைக்காரரும் சேர்ந்து கப்பல் வாங்கியிருக்க முடியாது. ஆனா அதே சட்டம் இன்னொன்னையும் செஞ்சுச்சு. மனுஷன் சாவான், கம்பெனிக்கு சாவு கிடையாது. மனுஷனுக்கு கடன் பயம் இருக்கும், ராத்திரி தூக்கம் வராது. கம்பெனிக்குத் தூக்கமே கிடையாது. இப்படி ஒரு ஆளை சட்டம் உண்டாக்கி ஊருக்குள்ள விட்டுட்டு, நீயும் உங்க பெரியப்பாவும் அவரும் சம போட்டின்னு சொல்லுது.

பெரியப்பான்னு சும்மா சொல்லல. எங்க பெரியப்பாவும் கம்பெனிதான் வச்சிருந்தாங்க. சோடா கம்பெனி. எங்க ஊர் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம், ஒரு ஓட்டு வீடு, மூணு ஆளு, ஒரு கேஸ் சிலிண்டர், மரச் சட்டத்துல பாட்டிலை மாட்டி கையால சுத்துற மெஷின், இதுக்குப் பேரு கம்பெனி. அந்தப் பாட்டில் கழுத்துல கோலி, 1872-ல ஹிராம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கினது, உள்ள இருக்கிற கேஸ் அழுத்தத்துல கோலி மேல போயி ரப்பர் வளையத்துல ஒட்டிக்கும், மூடியே தேவையில்ல. பன்னீர் சோடா, இஞ்சி, ஆரஞ்சு கலர். வீட்டுக்கு விருந்தாளி வந்தா "கலர் வாங்கிட்டு வா"ன்னு என்னைத்தான் அனுப்புவாங்க, பெரியப்பா எங்கிட்ட காசு வாங்க மாட்டாங்க, பெரியம்மா நோட்டுல எழுதி வச்சு மாசக் கடைசியில எங்க அப்பாகிட்ட வாங்கிருவாங்க. பாட்டில்ல பெரியப்பாவோட இனிஷியல் புடைப்பா இருக்கும். சோடாவுல எறும்பு கிடந்தா நேரா வீட்டு வாசல்ல வந்து சத்தம் போடுவாங்க, பெரியப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வெளிய வந்து பதில் சொல்லித்தான் ஆகணும். கோயில் கொடைன்னா 40 பெட்டி இலவசமா இறக்குவாங்க. ஓசிதான், ஆனா அந்த ஓசிக்கு எதிர்ல யாரையும் ஒழிக்கிற கணக்கு கிடையாது.

1977-ல கோக் இந்தியாவை விட்டுப் போனதை பெரியப்பா ஒரு திருவிழா மாதிரி சொல்லுவாங்க. வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்கணும்னு சட்டம், ரகசிய ஃபார்முலாவையும் குடுக்கணும்னு அரசாங்கம் கேட்டுச்சு, ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் மந்திரி, அவங்க மூட்டை கட்டிட்டாங்க. அதுக்கப்புறம் வந்த பதினாறு வருஷம்தான் உள்ளூர் கலருக்கு நல்ல காலம். தம்ஸ் அப், கோல்ட் ஸ்பாட் எல்லாம் பெரிய ஊர்ல ஓடுச்சு, விருதுநகர்ல 1916-ல ஆரம்பிச்ச காளிமார்க் தென்மாவட்டம் பூரா ஓடுச்சு, எங்க மாதிரி ஊர்ல பெரியப்பா ஓடினாங்க. 1993-ல கோக் திரும்ப வந்துச்சு. வந்த கையோட பார்லே கம்பெனிகிட்டேருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாத்தையும் விலைக்கு வாங்கிருச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கோல்ட் ஸ்பாட் கொஞ்ச நாள்ல கடையிலேயே இல்ல, அந்த இடத்துல ஃபான்டா. ருசி பிடிக்கலைன்னு யாரும் கோல்ட் ஸ்பாட்டை நிறுத்தல. வாங்கினவன் நிறுத்தினான்.

எங்க ஊருக்கு குடை வந்தது ஃப்ரிட்ஜ் ரூபத்துல. எந்தக் கம்பெனின்னு இங்க எழுதல, எழுதுறதுல பிரயோஜனமும் இல்ல. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு அண்ணாச்சி பலசரக்குக் கடை, பெரியப்பாவோட முதல் கஸ்டமர், இருபது வருஷப் பழக்கம். ஒரு நாள் கண்ணாடிக் கதவு போட்ட ஆளுயர ஃப்ரிட்ஜ் வந்து இறங்குச்சு, காசு கிடையாது, கடைக்குப் புது போர்டும் இலவசம், அதுல அண்ணாச்சி பேரு சின்னதா, கம்பெனி பேரு பெருசா. ஒரே ஒரு கண்டிஷன், ஃப்ரிட்ஜ்ல அவங்க சரக்கு மட்டும்தான் இருக்கணும். வாரம் ஒருக்கா ஒரு பையன் பைக்ல வந்து கதவைத் திறந்து பாத்துட்டுப் போவான். மே மாச வெயில்ல வர்றவன் ஜில்லுன்னு இருக்கிறதைத்தான் கேப்பான், வெளிய பெட்டியில சூடா கிடக்கிற பன்னீர் சோடாவை யாரு கேப்பா. பெரியப்பா போய் நின்னப்போ அண்ணாச்சி சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு, நானும் சைக்கிள் கேரியர்ல உக்காந்துதான் போயிருந்தேன். "கோவிச்சுக்காதீரும், கரண்டு பில்லு நான்தான் கட்டுதேன், ஆனா பெட்டி அவன் பெட்டி. என் கடைக்குள்ள எனக்கே உரிமை இல்லாத இடம் அது ஒண்ணுதான்."

அண்ணாச்சியைத் தப்பு சொல்ல முடியாது. அந்த ஃப்ரிட்ஜ் வாங்க அவர்கிட்ட காசில்ல, அது வந்ததுல பாலும் மோரும் ஓரமா ஒளிச்சு வச்சு வித்து பிள்ளையைப் படிக்க வச்சார். பெரியப்பாகிட்ட ஃப்ரிட்ஜ் குடுக்கவும் காசில்ல. நாப்பது கடையில ஃப்ரிட்ஜ் வைக்கிற நஷ்டம் அவங்களுக்கு மொத்தக் கணக்கு, அந்தக் கம்பெனிக்கு ஒரு மூலையில ஒரு வரி. 2005 வாக்குல மெஷினை பழைய இரும்புக்குப் போட்டாங்க. வேலை பாத்த மூணு பேர்ல ரெண்டு பேரு திருப்பூர் போயிட்டாங்க.

அப்புறம் 2017 வந்துச்சு. ஜல்லிக்கட்டு போராட்டத்துக்கு அப்புறம் வணிகர் சங்கங்கள் எல்லாம் மார்ச் 1-லேருந்து பெப்சி, கோக் விக்க மாட்டோம்னு அறிவிச்சாங்க. எங்க பக்கம் அதுக்கு இன்னொரு கோபமும் இருந்துச்சு, கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில இருக்கிற கூல்டிரிங்க்ஸ் ஆலைகளுக்கு தாமிரபரணித் தண்ணி, 1,000 லிட்டர் 37 ரூபாய் 50 பைசா. அந்த ஆத்துல கடைசி அணைக்கட்டு எங்க ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, மேல எடுத்தது போக மிச்சம்தான் எங்க வாழைக்கும் நெல்லுக்கும். ஹைகோர்ட் மதுரைக் கிளை 2016 நவம்பர்ல தண்ணி குடுக்கத் தடை போட்டுச்சு, 2017 மார்ச் ஆரம்பத்துல, கடைக்காரங்க புறக்கணிப்பு தொடங்கின அதே வாரம், வழக்கைத் தள்ளுபடி பண்ணி தடையும் போயிருச்சு. அந்த மாசம் ஊர் பூரா காளிமார்க்கோட பவண்டோ தேடினாங்க, கோலி சோடா தேடினாங்க. யாரோ ரெண்டு பையங்க பெரியப்பா வீட்டுக்கு வந்து "அந்த மெஷின் இருக்கா தாத்தா, நாங்க எடுத்து நடத்துறோம்"னு கேட்டாங்களாம். அன்னைக்கு ராத்திரி பெரியப்பா சாப்பிடலைன்னு பெரியம்மா ஃபோன்ல சொன்னாங்க.

இந்த இடத்துல நானும் ஒண்ணு சொல்லியாகணும். 2016 செப்டம்பர்ல ரிலையன்ஸோட ஜியோ வந்தப்போ நானும் வரிசையில நின்னு சிம் வாங்கினேன். டேட்டா ஓசி, கால் ஓசி, 2017 மார்ச் வரைக்கும். அதுக்குப் பின்னால ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் முதலீடு, பெட்ரோலும் பெட்ரோ கெமிக்கலும் சம்பாதிச்சுக் குடுத்த பலம். ஏர்டெல் போயி இது நியாயமில்லாத விலைன்னு போட்டி ஆணையத்துல புகார் குடுத்துச்சு, புதுசா வந்தவன் சந்தையில ஆதிக்கம் உள்ளவன் இல்லன்னு 2017 ஜூன்ல தள்ளிட்டாங்க. சட்டப்படி பாத்தா சரிதான், ஆதிக்கம் இருக்கிறவன் அடக்க விலைக்குக் கீழ வித்தாதான் குத்தம். ஆனா இந்தச் சட்டத்தை வச்சுப் பாத்தா, சுதேசிக் கப்பலை ஒழிக்க குடை குடுத்தவன் மாட்டுவான், ஊருக்கே குடை குடுத்துக்கிட்டு புதுசா உள்ள வர்றவன் மாட்ட மாட்டான். 2018 பிப்ரவரி ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டுல 1999-ல பிறந்த ஏர்செல் ஒரு வாரத்துல மூச்சு நின்னு, நம்பரை மாத்த முடியாம ஷோரூம் வாசல்ல சனம் கூட்டம் கூட்டமா நின்னுச்சே. ஏர்செல்லுக்கு கடன், பழைய வழக்குன்னு வேற நோயும் இருந்துச்சு, ஓசி டேட்டா மேல மட்டும் பழி போட முடியாது. ஆனா பத்துப் பன்னெண்டு கம்பெனி இருந்த இடத்துல இன்னைக்கு மூணு தனியாரும் பி.எஸ்.என்.எல்லும்தான். 2024 ஜூலைல மூணு பேரும் ஒரே வாரத்துல கட்டணத்தை ஏத்தினாங்க, ஜியோவுல 239 ரூபாய் பிளான் 299 ஆச்சு. எங்க வீட்டுல அஞ்சு சிம். வேற எங்க போறது?

அந்த ஓசி டேட்டாவுலதான் என் தங்கச்சி யூட்டியூப் பாத்து பேங்க் எக்ஸாம் படிச்சு பாஸ் பண்ணினா. அதையும் சொல்லாம விட்டா நான் பொய் எழுதுறவளாயிருவேன். குடை வாங்கினவன் நனையாமத்தான் போனான். கம்பெனி ஒவ்வொரு தடவையும் உண்மையான ஒரு தேவையைத் தீர்த்துக்கிட்டுதான் உள்ள வருது, அதனாலதான் யாரும் வாசல்ல நிறுத்தி கேள்வி கேக்கறதில்ல. எனக்குக் கோபம் எல்லாம், அதே தேவையைத் தீர்க்க பஞ்சாயத்தோ, கூட்டுறவு சங்கமோ, அரசாங்கமோ முன்னாடியே வந்திருக்கலாமேங்கறதுதான். ஒரு கிராமத்துக்கு நாப்பது ஃப்ரிட்ஜுக்கு கூட்டுறவு பேங்க் லோன் குடுத்திருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? ஆவின் பால் பூத்துக்குக் குடுக்க முடிஞ்சதே. இப்போ எங்க ஊர் ஸ்கூல்ல தண்ணி சுத்திகரிக்கிற மெஷினே ஒரு கம்பெனி சி.எஸ்.ஆர். பணத்துல, அதாவது சமூகப் பொறுப்புக்குன்னு ஒதுக்குற பணத்துல வச்சது. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய லாபம் பாக்குற கம்பெனி சராசரி லாபத்துல 2 சதவீதம் இதுக்கு செலவு பண்ணணும். நல்ல தண்ணி பிள்ளைங்க குடிக்குது, சந்தோஷம். ஆனா பஞ்சாயத்து குழாயில தண்ணி வரலைன்னா தலைவரைப் போய் கேக்கலாம், ஓட்டு இருக்கு. அந்த மெஷின் ஆறு மாசமா ரிப்பேர், யாரைக் கேக்கணும்னு ஹெட்மாஸ்டருக்கே தெரியல.

போன மாசம் கொடைக்குப் போனப்போ அண்ணாச்சி கடையில உக்காந்திருந்தேன். அவருக்கு இப்போ எழுபது தாண்டிருச்சு, பாதி வியாபாரம் ஆப்ல வீட்டுக்கே வர்ற சரக்கு கொண்டு போயிருச்சுன்னு சொன்னார். பழைய காம்பா கோலாவை 2022-ல ரிலையன்ஸ் வாங்கி, 2023-லேருந்து 10 ரூபாய் பாட்டில் விக்கிறாங்க இல்ல, அதனால எல்லாக் கம்பெனியும் சின்ன பாட்டிலை இறக்குது, யானையும் யானையும் மோதுற நேரம் இது. கல்லாவுக்குக் கீழேருந்து மடிச்ச பேப்பர் ஒண்ணை எடுத்தார். "ஏம்மா, இங்கிலீஷ்ல இருக்கு, புதுப் பெட்டி தாரானாம், பழசை எடுத்துட்டுப் போகச் சொல்லணுமாம். வாசிச்சு அர்த்தம் சொல்லு."

வாசிச்சேன். அஞ்சு பக்கம். வேற கம்பெனி சரக்கு வச்சா எப்ப வேணாலும் எடுத்துக்கலாம், ஃப்ரிட்ஜ் கெட்டா கடைக்காரர் பொறுப்பு, கரண்டு கடைக்காரர் செலவு, வழக்குன்னா மும்பை கோர்ட்டு. ஒவ்வொண்ணா தமிழ்ல சொன்னேன். மும்பைன்னதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், உங்க பெரியப்பா பன்னீர் சோடாவுல என்ன எசென்ஸ் போடுவாருன்னு தெரியுமான்னு கேட்டார். தெரியாது அண்ணாச்சின்னேன்.

பேப்பரை வாங்கி தராசுத் தட்டுக்கு அடியில வச்சார். "நாளைக்குக் காலையில கையெழுத்து வாங்க வாரேன்னிருக்கான்"னு சொல்லிட்டு, அதுக்குள்ள வந்து நின்ன ஒரு சின்னப் பையனுக்கு கால் கிலோ சீனி நிறுக்க எந்திரிச்சார்.